காற்று கூடினாலே நெஞ்சு படபடக்கிறது: வாசகர் கேள்வி – பதில்

ரப்பர் பால் வெட்டுகிற தொழிலாளி நான். மழை பிடித்துவிட்டால் நாள்கணக்கில் வெட்டு கிடையாது. சங்கக் கடன், மகனின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் ராத்திரி ஒரு மணிக்குத்தான் மண்டைக்குள் வருகிறது. அப்புறம் விடியும்வரை உறக்கமில்லை. மனசைத் திடப்படுத்த என்ன வழி?
– வாசகர், குலசேகரம்

மனசு கிடக்கட்டும், முதலில் படுக்கையைக் கவனியுங்கள். வெட்டு உள்ள நாளில் அதிகாலையிலேயே எழுந்துவிடுவதால் இரவு சீக்கிரம் படுத்துப் பழகியிருப்பீர்கள். வெட்டு இல்லாத நாளில் எழுவது தாமதமாகும், மத்தியானமும் ஒரு உறக்கம். ஆனால் படுக்கிற நேரம் மட்டும் பழையபடி எட்டரை. ஏழு மணி நேர உறக்கத்தைப் பத்து மணி நேரப் படுக்கையில் பரப்பினால் நடுவில் விழிப்பு வரத்தான் செய்யும். அந்த விழிப்பில்தான் கடன்காரன் வந்து உட்காருகிறான்.

மழை நாளிலும் எழுகிற நேரத்தை ஒன்றாக வையுங்கள். ஐந்து என்றால் ஞாயிறும் ஐந்துதான். பத்துக்கு முன் படுக்க வேண்டாம். பகலில் 20 நிமிடத்துக்கு மேல் கண்ணயராதீர்கள். கட்டன் சாயா மாலை நாலோடு போதும். அதிலுள்ள காஃபினில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் நிற்கும். விழித்து 20 நிமிடம் போல ஆகிவிட்டது என்று தோன்றினால் கடிகாரத்தைப் பார்க்காமல் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் வேறு இடத்தில் இருங்கள். கண் சொக்கும்போது மட்டும் திரும்பிப் படுங்கள். முதல் நாலைந்து நாள் பகலில் அசதி கூடும். பலர் விட்டுவிடுவது அங்கேதான். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். உறக்கத்துக்காக ஒரு குவார்ட்டர் என்கிற யோசனை உதவாது. சாராயம் சீக்கிரம் உறங்க வைத்து, பின்னிரவில் எழுப்பிவிடும்.

கவலைக்கு மாலை ஐந்து மணிக்கு 20 நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு நோட்டில் இடப்பக்கம் கவலை, வலப்பக்கம் அதற்கு அடுத்த வேலை. 'கடன்' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுத வேண்டும். வலப்பக்கம், 'வியாழக்கிழமை சங்கத்துக்குப் போய்த் தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்பது.' எழுத ஒன்றுமில்லை என்றால் ஒரு கோடு போட்டு அடுத்ததற்குப் போங்கள். இரவில் அதே எண்ணம் வந்தால் அது நோட்டில் இருக்கிறது, நாளை ஐந்து மணிக்குப் பார்க்கலாம்.

கணவர் ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறார். ஒக்கிப் புயலுக்குப் பிறகு காற்று கொஞ்சம் கூடினாலே நெஞ்சு படபடக்கிறது, விரல் மரத்துப்போகிறது, மூச்சு முட்டுகிறது. ஜெபித்தும் அடங்கவில்லை.
– வாசகி, தூத்தூர்

2017 நவம்பர் கடைசியில் அந்தக் கரை பட்டதை மறந்துவிடச் சொல்வது வீண்பேச்சு. முதலில் ஒருமுறை ஈசிஜி, ரத்தசோகை, தைராய்டு பரிசோதனைகளை முடித்துவிடுங்கள். அவற்றில் கோளாறு இல்லையென்றால் இது பதற்றத் தாக்குதலாக இருக்கலாம். பயத்தில் மூச்சு வேகமெடுக்கும். ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அதனால்தான் விரல் மரப்பதும் தலை சுற்றுவதும். காற்று போதவில்லை என்று நினைத்து இன்னும் இழுத்து இழுத்து மூச்சு விடுவோம், அது மேலும் கூட்டும். ஆகவே மூச்சை விடுவதில்தான் கவனம் வேண்டும். மூக்கு வழியாக மெதுவாக நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம். ஆபத்து நேரத்தில் மட்டும் செய்து பார்த்தால் கை கொடுக்காது. மனசு அமைதியாக இருக்கும்போது தினம் இருமுறை பழக வேண்டும்.

இந்தத் தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கிவிடும். அதற்குள் கடற்கரைக்கு ஓடுவதும் பத்துப் பேருக்குப் போன் போடுவதும், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மூளைக்குக் கற்றுக்கொடுக்கும். இருக்கிற இடத்திலேயே இருந்து பாருங்கள்.

உங்கள் பயத்தில் பாதி நியாயமானது, அதற்கு மூச்சுப்பயிற்சி மருந்தல்ல. படகு புறப்படும் முன் ஒரு அட்டையில் படகின் பதிவு எண், ஆட்களின் பெயரும் போன் எண்ணும், போகும் திசை, திரும்பும் நாள், கூடப் போகும் படகுகளின் பெயர் எல்லாம் எழுதி வாங்குங்கள். ஒன்று வீட்டில், ஒன்று ஊர்ப் பங்குக் கோயிலில் இருக்கட்டும். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணும் அதிலேயே. வானிலை அறிவிப்பைக் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை பாருங்கள். வாட்ஸப்பில் சுற்றும் குரல் பதிவுகளைக் கேட்கவே வேண்டாம். நவம்பர் கடைசி வாரத்தில் படபடப்பு கூடினால், நோய் திரும்பியதாக நினைக்காதீர்கள். நினைவு நாள் அப்படித்தான் செய்யும்.

தியானம் செய்ய உட்கார்ந்தால் பதற்றம் கூடுகிறதே?
– வாசகர், நாகர்கோவில்

சிலருக்கு அப்படித்தான். கண்ணைத் திறந்தபடி 20 நிமிடம் வேகமாக நடங்கள். எல்லோரும் கண்மூடி உட்கார வேண்டும் என்று கட்டாயமில்லை.

கணவர் வளைகுடாவில். பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமியாரை நான் தனியாகப் பார்க்கிறேன். 'நீ தைரியசாலி' என்கிறார்கள், உதவிக்கு ஆள் இல்லை.
– வாசகி, தக்கலை

அந்தப் பாராட்டு பெரும்பாலும் நழுவுவதற்குத்தான். 'யாராவது உதவுங்கள்' என்றால் எல்லோரும் மற்றவரைப் பார்ப்பார்கள். பெயர் சொல்லி, நாளும் மணியும் சொல்லிக் கேளுங்கள்: 'மைனி, புதன்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை அம்மாவோடு இருங்க. பதினொன்றுக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கணும், எப்படியென்று காட்டித்தாறேன்.' இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் படுக்கைப்புண் வரலாம் என்று காரணத்தையும் சொல்லிவிடுங்கள். கிடைக்கிற அந்த நேரத்தில் வீட்டு வேலை செய்யாதீர்கள், வெளியே போங்கள். கணவர் பணம் அனுப்பினால் மட்டும் போதாது. நாத்தனாரிடமும் கொழுந்தனாரிடமும் முறை வைத்துப் பேசுவது அவர் பொறுப்பு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரண ஆதரவும் வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து வையுங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? மாத்திரை ஆரம்பித்தால் விட முடியாதாமே?
– வாசகர், கருங்கல்

இரண்டு வாரமாகத் தொடர்ந்து சோர்வு, எதிலும் நாட்டமின்மை, உணவும் உறக்கமும் கெட்டிருந்தால் போங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். மனச்சோர்வு மாத்திரைகள் போதைப் பழக்கம் ஆவதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். சுகமாயிற்று என்று நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம், நோயும் திரும்பலாம். குறைப்பதை டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகச் செய்யுங்கள்.