சளியின் நிறத்தைப் பார்க்காதீர்கள், மூச்சை எண்ணுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 3 வயது. 6 நாளாகச் சளி, இருமல். மூக்குச்சளி பச்சையாக வருகிறது. டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதவில்லை. போன முறை வாங்கிய அசித்ரோமைசின் சிரப் மீதி இருக்கிறது, கொடுக்கலாமா? நிமோனியா ஆகிவிடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

பதில்: கொடுக்காதீர்கள். தண்ணீர் கலந்த ஆன்டிபயாடிக் சிரப் சில நாட்கள்தான் தாங்கும், மீந்ததை அடுத்த முறைக்கு என்று எடுத்துவைப்பதே தவறு. பச்சைச் சளியைப் பற்றியும் கவலை வேண்டாம். கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களில் பச்சை நிற நொதி ஒன்று இருக்கிறது, வைரஸ் சளியிலும் அந்த நிறம் வரும். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். இருமல் 3 வாரம் வரை இழுக்கலாம், அதுவும் வழக்கம்தான்.

சரி, உங்களுடைய உண்மையான பயம் நிமோனியா. அதைச் சளியின் நிறத்திலோ இருமலின் சத்தத்திலோ தேடாதீர்கள், மூச்சில் தேடுங்கள். குழந்தை தூங்கும்போதோ அழாமல் அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு, நெஞ்சும் வயிறும் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள்; அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் கணக்கு தவறும். 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமான மூச்சு. (2 மாதத்திலிருந்து 1 வயதுக்குள் 50, அதற்கும் சின்னக் குழந்தைக்கு 60.) காய்ச்சலிலும் மூச்சு வேகமாகும், அதனால் காய்ச்சல் இறங்கியதும் இன்னொரு முறை எண்ணுங்கள், அப்போதும் குறையவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ளே குழிந்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் துவண்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது, நடு இரவானாலும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அந்த நிலையில் நானே ஆன்டிபயாடிக் கொடுப்பேன், ஆனால் எது, எவ்வளவு என்பதைக் குழந்தையின் எடையையும் நிலையையும் பார்த்து முடிவு செய்வேன். வீட்டில் அரைகுறையாகக் கொடுத்துவிட்டு வந்தால் நோய் எங்கே நிற்கிறது என்று எங்களுக்கே குழப்பமாகிவிடும். அதை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன், மனம் பதறுகிறது.

அப்புறம், காய்ச்சல் விட்டு ஓரிரு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி ஏறினால் அதையும் காட்டிவிடுங்கள்.

மருந்து எழுதாத உங்கள் டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார். இன்று இரவு அவன் தூங்கியதும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். 25, 30 என்று வந்து, நெஞ்சும் குழியாமல் இருந்தால் நீங்களும் போய்ப் படுங்கள்.