நடந்தால் ஹால் தரை துள்ளுகிறது. எல்லா ஜாய்ஸ்டையும் இரட்டிப்பாக்கத்தான் வேண்டுமா?

அமெரிக்காவில் பழைய மர வீடு, ஹாலில் நடந்தால் தரை துள்ளுகிறது, ஓர் இடத்தில் தொய்ந்தும் இருக்கிறது, கான்ட்ராக்டர் ஒவ்வொரு ஜாய்ஸ்டின் (தரையைக் கீழிருந்து தாங்கும் நீளக் கட்டை) பக்கத்திலும் இன்னொரு கட்டையைச் சேர்த்து முடுக்க வேண்டும் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் இந்தப் பாடு பட்டவன். துள்ளலும் தொய்வும் வேறு வேறு வியாதி. ஒரே மருந்துக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

எங்கள் வீடு நியூ ஜெர்சியில், 1950-களில் கட்டியது. சிமென்ட் தரையிலேயே வளர்ந்தவனுக்குத் தரை ஆடும் என்பதே உறைக்கவில்லை. காட்டிக்கொடுத்தது ஷோகேஸில் இருந்த தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைதான். பையன் சோபாவிலிருந்து எழுந்து கிச்சனுக்குப் போனால் போதும், அது பாட்டுக்குத் தலையை ஆட்ட ஆரம்பித்துவிடும்.

பேஸ்மென்ட்டுக்கு இறங்கி, டார்ச், டேப், ஒரு ஸ்க்ரூடிரைவர் மூன்றையும் வைத்துக்கொண்டு அண்ணாந்து பாருங்கள். நம் ஊர்ப் பழைய வீடுகளில் உத்திரத்துக்கு மேல் வரிசையாகக் கட்டை போட்டு மச்சு கட்டுவார்களே, அதே சங்கதிதான். சுவரில் உட்காரும் முனைகளை ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். பொதபொதவென்று இறங்கினால் உளுத்துவிட்டது, அல்லது கரையான். அப்படியென்றால் முதலில் ஈரத்தையும் பூச்சியையும் கவனிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் தொய்வுக்குக் காரணம் வேறு. எந்தக் காலத்திலோ ஒரு பிளம்பர், பாத்ரூம் டிரெயின் குழாய் போக வேண்டும் என்று மூன்று ஜாய்ஸ்ட்களின் அடிப்பக்கத்தை, அதுவும் நடுப்பகுதியில், வெட்டிவிட்டுப் போயிருந்தார். கட்டை வளையும்போது அதிகமாக இழுபடுவது அந்த அடிப்பக்கம்தான். நடு மூன்றில் ஒரு பங்கில் வெட்டே கூடாது என்பது அங்குள்ள கட்டட விதி. அந்த மூன்றுக்கு மட்டும் கான்ட்ராக்டர் சொன்ன வைத்தியம் சரி. புதுக் கட்டை முழு நீளத்துக்கு, இரண்டு முனையும் தாங்கலில் உட்காரும்படி இருக்க வேண்டும். வளைவு இருந்தால் மேடு மேல்பக்கம் பார்க்கட்டும். பசை தடவி, போல்ட்டுகளை மேலும் கீழுமாக மாற்றி மாற்றிப் போடுங்கள். சொல்வது சுலபம். 14 அடிக் கட்டை பேஸ்மென்ட் படிக்கட்டில் திரும்பவே இல்லை. கடைசியில் ஜன்னலைக் கழற்றி உள்ளே விட்டோம்.

கட்டையைச் சேர்ப்பதற்கு முன் தொய்வை ஜாக் வைத்துத் தூக்க வேண்டும். இதில்தான் நான் சொதப்பினேன். ஒரே சனிக்கிழமையில் அரை இன்ச் ஏற்றினேன். மேலே சுவரில் நீளமாக ஒரு வெடிப்பு, பாத்ரூம் கதவு சாத்தவே முடியவில்லை. பல வருஷம் வளைந்து பழகிய மரம் அவசரத்துக்கு நிமிராது. எட்டில் ஒரு இன்ச் ஏற்றி, சில நாள் விட்டு, மறுபடி ஏற்றுங்கள். முழு மட்டம் வராவிட்டாலும் பரவாயில்லை.

சரி, துள்ளல்? மூன்று ஜாய்ஸ்ட் சரியான பிறகும் பொம்மை ஆடிக்கொண்டுதான் இருந்தது. எங்களுடையது டூ பை எய்ட் கட்டை (பெயரளவில் 2 இன்ச் தடிமன், 8 இன்ச் ஆழம்), 16 இன்ச் இடைவெளி, சுவருக்குச் சுவர் 14 அடி. அந்தக் கட்டைக்கு அந்த நீளம் அதிகம். இங்கே கொஞ்சம் கணக்கு உதவும். பக்கத்தில் அதே அளவுக் கட்டையைச் சேர்த்தால் வளைவு பாதியாகும், அவ்வளவுதான். ஆழம் கூடினால் விறைப்பு மும்மடிக் கணக்கில் ஏறும். அதனால்தான் ஒற்றை டூ பை டென் ஏறக்குறைய இரண்டு டூ பை எய்ட்டுக்குச் சமம். ஆனால் நடுவில் குறுக்கே ஒரு உத்திரம் கொடுத்து நீளத்தைப் பாதியாக்கினால், ஒரு ஆள் நிற்கும்போது வரும் வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும்.

ஜாய்ஸ்ட்களுக்கு இடையே துண்டுக் கட்டைகளை இறுக்கி அடிப்பதையும் செய்து பார்த்தேன். செலவு குறைவு, ஒரு கட்டையின் பாரத்தை அக்கம்பக்கம் பங்கு போட்டுக்கொள்ளும். துள்ளல் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. அப்புறம்தான் நடுவில் உத்திரம் போட்டு இரண்டு இரும்புத் தூண் நிறுத்தினோம். தூணை பேஸ்மென்ட் தரையில் அப்படியே நிறுத்தாதீர்கள். அந்த கான்கிரீட் சில இன்ச்தான், பாரம் தாங்க ஊற்றியதல்ல. தரையை உடைத்து, கீழே தனியாக அஸ்திவாரம் போட வேண்டும். உத்திரத்தின் அளவையும் தூணின் இடத்தையும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வரைந்து தரட்டும். டவுன் பெர்மிட்டும் எடுத்துவிடுங்கள், விற்கும்போது கேட்பார்கள்.

தூண் வந்த இடத்தில் பையனின் டேபிள் டென்னிஸ் மேஜை போனது. அதற்கு இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கான்ட்ராக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஜாய்ஸ்ட் தாங்கலுக்குத் தாங்கல் எத்தனை அடி, எந்தெந்தக் கட்டை வெட்டுப்பட்டிருக்கிறது? டேப்பை எடுக்காமலேயே எஸ்டிமேட் எழுதியிருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.