புதுச் சட்டம் வந்தபின் டாக்டர் மேல் கேஸே போட முடியாதா?

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கிறேன். 14 மாதத்துக்கு முன் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் நாளே வயிற்று டியூபில் பச்சையாக நீர் வந்தது. நர்ஸிடம் சொன்னோம், "சில பேருக்கு அப்படித்தான்" என்றார். ஏழாம் நாள் ஸ்கேனில் பித்தக்குழாய் அடிபட்டது தெரிந்து, கோவையில் மறுபடி ஆபரேஷன் செய்தோம். இப்போது தேறிவிட்டார். முதல் ஆஸ்பத்திரிக்கு மட்டும் 1,10,000 ரூபாய் கட்டினோம். போலீஸில் புகார் கொடு என்கிறார் மாமா. புதுச் சட்டத்தில் டாக்டர்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள், ஒன்றும் நடக்காது என்கிறார் பக்கத்து எஸ்டேட் கணக்குப்பிள்ளை. யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேருமே பாதிதான் சரி.

முதலில் கணக்குப்பிள்ளை சொன்ன விலக்கு. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. கவனக்குறைவால் ஓர் உயிர் போனால் 106-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. பதிவு பெற்ற டாக்டர் சிகிச்சை செய்யும்போது நேர்ந்தால் 2 ஆண்டு வரை, கூடவே அபராதம். பழைய 304ஏ பிரிவிலும் எல்லாருக்கும் உச்சம் 2 ஆண்டுதான். அபராதத்தோடு மட்டும் விடவும் வழி இருந்தது. ஆக, டாக்டருக்கு எதுவும் குறையவில்லை. மற்றவர்களுக்கு ஏறியது அவருக்கு ஏறவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் அம்மா பிழைத்துவிட்டதால் 106 உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. உயிருக்கு ஆபத்தான கவனக்குறைவால் கொடுங்காயம் ஏற்பட்டால் 125-ஆம் பிரிவு, 3 ஆண்டு வரை. அதில் டாக்டருக்கென்று தனி வாசகம் கிடையாது. நோயாளி இறந்தால் 2, பிழைத்தால் 3! எழுதியவர்கள் இதைக் கவனித்தார்களா என்று எனக்குப் பல நாள் சந்தேகம்.

அதற்காக ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லமாட்டேன். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: டாக்டர் மேல் குற்ற வழக்கு என்றால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் வேண்டும்; போலீஸ் மேலே நகருமுன் சார்பில்லாத வேறொரு டாக்டரின், கூடுமானால் அரசு டாக்டரின், கருத்தைக் கேட்க வேண்டும். உங்கள் விஷயம் அந்த அளவுக்குப் போகாது என்பது என் கணிப்பு.

போலீஸ் கேஸ் நிற்காவிட்டாலும் டாக்டர்கள் மனதில் அந்தக் கேஸ் பயம் நிற்கும். சின்ன நர்ஸிங் ஹோம் நடத்தும் சர்ஜன் நண்பர் ஒருவர் சொன்னார்: "சுகரும் ஹார்ட்டும் இருக்கிற பெரியவர் அப்பெண்டிக்ஸ் வெடிச்சு ராத்திரி 11 மணிக்கு வந்தா, முன்னெல்லாம் கையைக் கழுவிட்டு உள்ளே போயிடுவேன். இப்ப லெட்டர் எழுதிக் கோயம்புத்தூருக்கு அனுப்பிடறேன்." ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த நோயாளி மறுபடி ஆம்புலன்ஸ் ஏறுகிறார். தேவையில்லாத ஸ்கேன் இரண்டு பில்லில் சேருவதும் இதே பயத்தால்தான். நான் டாக்டர்களுக்காகவும் நோயாளிகளுக்காகவும் வாதாடியவன். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

உங்களுக்குச் சரியான இடம் நுகர்வோர் ஆணையம். பணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை அதற்குள் வரும் என்பது 1995-லேயே முடிந்த விஷயம். 2019 சட்டத்தின் கீழ் உள்ள விதிகள்படி, நீங்கள் கட்டிய தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே இல்லை. கேட்கும் நஷ்டஈட்டை வைத்து அல்ல, கட்டியதை வைத்துத்தான் கணக்கு. வீடு ஏற்காடு என்பதால் சேலத்திலேயே போடலாம். அங்கே பேச்சு பணத்தைப் பற்றியது. பல சர்ஜன்கள் அதற்கு இன்ஷூரன்ஸ் வைத்திருக்கிறார்கள், யாரும் ஜெயிலை நினைத்து நடுங்க வேண்டியதில்லை. சமரசம் பேசவும் அந்தச் சட்டமே வழி வைத்திருக்கிறது. கெடு 2 ஆண்டு. உங்களுக்கு 10 மாதம் இருக்கிறது.

ஜெயிக்குமா? பித்தக்குழாய் அடிபட்டது என்பதாலேயே தப்பு ஆகிவிடாது. நல்ல கைகளிலும் ஆயிரத்தில் மூன்று நான்கு பேருக்கு நேர்வதுதான். குழாயை அடைக்கும் கிளிப்பைப் போடுமுன், பித்தப்பைக்குள் போவது ஒரு குழாய், ஒரு ரத்தக்குழாய் இரண்டே இரண்டுதான் என்று சர்ஜன் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். செய்தாரா என்பது ஆபரேஷன் குறிப்பில் இருக்க வேண்டும். ஆனால் என் கண் போவது அந்தப் பச்சை நீர் மேல்தான். டியூபில் பித்தம் வந்தால் குழாய் எங்கோ கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்புறமும் நான்கு நாள் ஸ்கேன் இல்லை. அடிபட்டதை விட, அடிபட்டதைப் பார்க்காமல் விட்டதுதான் உங்கள் கேஸ்.

அதனால் வக்கீலைத் தேடுமுன் கேஸ் ஷீட்டைத் தேடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. அது இரண்டு பக்கக் கதைச் சுருக்கம். ஆபரேஷன் குறிப்பு, சம்மதப் படிவம், நர்ஸ் சார்ட், டியூபில் தினமும் எத்தனை மில்லி வந்தது என்று எழுதும் தாள், எல்லாவற்றின் நகலும் வேண்டும் என்று அம்மா கையெழுத்திலேயே கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-இன் மருத்துவ நெறிமுறை விதி. பதிவுகளை 3 ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். ரிசப்ஷனில் வாயால் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எழுதிக் கொடுத்து இன்னொரு நகலில் சீல் வாங்குங்கள், இல்லாவிட்டால் பதிவுத் தபால். கோவை சர்ஜன் உங்களுக்காகச் சாட்சி சொல்ல வரமாட்டார். ஆனால் வயிற்றைத் திறந்தபோது எதைப் பார்த்தார் என்று அவர் எழுதிய தாளே சாட்சிதான். அதையும் வாங்கிவிடுங்கள்.

நகல் கட்டு கைக்கு வந்ததும் நேராக மூன்றாம் நாள் நர்ஸ் சார்ட்டுக்குப் போங்கள். "பச்சை நீர், டாக்டரிடம் சொல்லப்பட்டது" என்று ஒரு வரி இருக்கிறதா, அதன் எதிரே நேரம் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.