எதில் பாதி?

அன்புள்ள ஐயா,

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 60 வீடுகள். பழைய லிஃப்டை மாற்றலாமா என்று பொதுக்குழுவில் வாக்கெடுப்பு நடந்தது. வந்தவர்கள் 31 பேர். ஆதரவு 14, எதிர்ப்பு 9. மீதி 8 பேர், பெரும்பாலும் தரைத்தளத்துக்காரர்கள், கையே தூக்கவில்லை. ‘31 பேரில் 14 பாதிகூட இல்லை, 51 சதவீதம் வந்தால்தான் பெரும்பான்மை’ என்று சொல்லித் தீர்மானம் தோற்றதாகத் தலைவர் அறிவித்துவிட்டார். பேசாமல் இருந்த எட்டுப் பேரும் மனதளவில் எங்கள் பக்கம்தான். குடவோலை கண்ட மண்ணில் இப்படியா? தலைகளை எண்ணி நியாயத்தை முடிவுசெய்யும் முறைமீதே நம்பிக்கை போய்விட்டது. சங்கத்திலிருந்து விலகிவிடலாமா?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

விலகாதீர்கள். நீங்கள் போனால் 14 என்பது 13 ஆகும், வேறொன்றும் நடக்காது. மேல்மாடியில் முட்டிவலியோடு படியேறுகிறவர்களுக்காகத்தானே கை தூக்கினீர்கள்? அந்தக் கை அடுத்த கூட்டத்திலும் வேண்டும்.

குடவோலையை விட்டுவிடுங்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருப்பது, தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொல்லும் முறை. சீட்டெடுப்பு அது. அங்கே பெரும்பான்மைக்கு வேலையே இல்லை.

51 சதவீதம் என்பதும் தவறு. பாதியைத் தாண்டினால் போதும். ஆயிரம் பேரில் 501 பெரும்பான்மைதான். 510 வரை காத்திருக்க வேண்டாம்.

உங்கள் தலைவர் தடுக்கியது வேறு இடத்தில். இலங்கை ஜனாதிபதித் தேர்தல் எண்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. இரண்டிலும் ஒரே கேள்விதான். பாதி, சரி. எதில் பாதி?

2024 செப்டம்பர் 21 அன்று நடந்த அந்தத் தேர்தலில் செல்லுபடியான வாக்குகள் 1,33,19,616. அநுர குமார திசாநாயக்க பெற்றது 56,34,915, அதாவது 42.31 சதவீதம். சஜித் பிரேமதாச 43,63,035. யாரும் பாதியைத் தாண்டவில்லை. அங்கே வாக்காளர் ஒரே சீட்டில் மூன்று பேர் வரை விருப்ப வரிசையில் குறிக்கலாம். அப்படியானால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரையும் ஒரே வீச்சில் நீக்கிவிட்டு, அவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் இரண்டாவது, மூன்றாவது விருப்பம் இந்த இருவரில் யாருக்காவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இலங்கையில் அந்த இரண்டாம் எண்ணிக்கை முதன்முறையாக நடந்தது அப்போதுதான். முடிவு 57,40,179க்கு 45,30,902. திசாநாயக்க 55.89 சதவீதம் என்று பட்டியலில் வந்தது.

கூட்டிப் பாருங்கள். நீக்கப்பட்டவர்களின் சீட்டுகள் 33,21,666. அவற்றில் இருவருக்கும் சேர்ந்து போனது 2,73,131 மட்டும். மீதி 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளில் இந்த இருவருக்கும் விருப்பம் குறிக்கப்படவில்லை. எண்ணும் மேசையைவிட்டு அவை இறங்கிவிட்டன. மேசையில் மிஞ்சியதில் 55.89. முதலில் எண்ணிய மொத்தத்தில் அதே வாக்குகள் 43.1 சதவீதம்தான். சட்டப்படி அவர் முறையாக வென்றவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எழுதியவர்கள் எதில் பாதி என்று கேட்க மறந்துவிட்டார்கள்.

இப்போது உங்கள் எட்டுப் பேர். ‘மனதளவில் எங்கள் பக்கம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, இதைத்தான் நான் பொறுக்கமாட்டேன். தூக்காத கையை உங்கள் கணக்கில் சேர்க்க உங்களுக்கு உரிமையில்லை. எதிர்க்கணக்கில் சேர்க்கத் தலைவருக்கும் உரிமையில்லை. அது எங்கே விழும் என்பதை உங்கள் பைலா, அதாவது சங்கத்தின் விதிமுறைகள், சொல்ல வேண்டும். ‘வந்திருந்து வாக்களித்தோரில்’ என்றிருந்தால் எட்டுப் பேர் கணக்கிலேயே இல்லை: 23க்கு 14, தீர்மானம் நிறைவேறியது. ‘வந்திருந்தோரில்’ என்றிருந்தால் 16 வேண்டும், அவர்கள் மௌனம் எதிர்வாக்குப் போலவே வேலை செய்யும். ‘மொத்த உறுப்பினரில்’ என்றிருந்தால் 31 வேண்டும்; வீட்டில் தூங்கியவரும் எதிர்த்தவர் ஆகிவிடுவார். ஒரே மௌனம்தான், மூன்று இடத்தில் மூன்று பலன்.

இது ஏட்டுக்கணக்கு அல்ல. முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு தந்துவந்த மன்னர் மானியத்தை ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்தம் 1970 செப்டம்பர் 5 அன்று மாநிலங்களவைக்கு வந்தது. 368வது பிரிவுப்படி இரண்டு நிபந்தனைகள்: அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு. ஆதரவு 149, எதிர்ப்பு 75. முதல் நிபந்தனையில் சிக்கல் இல்லை. வாக்களித்தவர்கள் 224 பேர். மூன்றில் இரண்டு என்றால் 149.33. மசோதா தோற்றது. அந்த 75 பேரில் ஒருவர், ஒரே ஒருவர், ஆதரிக்கக்கூட வேண்டாம், வாக்களிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தால்? மொத்தம் 223, மூன்றில் இரண்டு 148.67. அதே 149 போதும், மசோதா நிறைவேறியிருக்கும். மானியம் ஒழிய அடுத்த ஆண்டு 26வது திருத்தம் வர வேண்டியிருந்தது.

கம்பெனிச் சட்டம் இதில் தெளிவானது. 2013 சட்டத்தின் 114வது பிரிவு சதவீதமே பேசுவதில்லை. சாதாரணத் தீர்மானத்துக்கு ஆதரவு வாக்கு எதிர்ப்பைவிட அதிகமாக இருக்க வேண்டும். சிறப்புத் தீர்மானத்துக்கு எதிர்ப்பைப்போல மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. உங்களுடைய 14க்கு 9 அங்கே சாதாரணத் தீர்மானமாக ஜெயிக்கும், சிறப்புத் தீர்மானமாக என்றால் 27 இல்லாமல் தோற்கும். குடியிருப்புச் சங்கங்கள் பைலாவில் ‘பெரும்பான்மையால் முடிவு செய்யப்படும்’ என்று ஒரு வரி எழுதிவைத்துக்கொண்டு, கூட்டத்தன்று அடித்துக்கொள்கின்றன.

வாக்கெடுப்பை நடத்துவதிலும் ஒழுங்கு இல்லை. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் எல்லோரையும் வந்தவர் என்று எண்ணாதீர்கள்; டீ குடித்ததும் பாதிப்பேர் நழுவிவிடுவார்கள். வாக்கெடுப்புக்கு முன்னால் தலைகளை எண்ணுங்கள், கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை, இன்னும் இருக்கிறதா பாருங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து கை தூக்கினால் அது வீட்டுக்கு ஒரு வாக்கா, இரண்டா என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பிறகு மூன்று தடவை கேளுங்கள்: ஆதரவு, எதிர்ப்பு, வாக்களிக்காதவர்கள். மூன்றையும் கூட்டினால் தலை எண்ணிக்கை வர வேண்டும். வரவில்லையென்றால் மறுபடி எண்ணுங்கள். ‘யாருக்காவது ஆட்சேபனை உண்டா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு மினிட்ஸில் ‘ஏகமனதாக’ என்று எழுதும் செயலாளர்கள்தான் சங்கங்களைக் கெடுக்கிறார்கள். சரிசமமாக விழுந்தால் தீர்மானம் தோற்றது; முடிவுவாக்கு உண்டென்று விதி சொன்னால் மட்டுமே தலைவர் இன்னொரு தரம் கை தூக்கலாம்.

லிஃப்ட் விஷயத்தில் பைலாவை எடுத்துப் படியுங்கள். ‘வாக்களித்தோரில்’ என்றோ, வெறுமனே ‘பெரும்பான்மை’ என்றோ இருந்தால், விழுந்த வாக்குகளை மட்டும் எண்ணுவதுதான் பொதுவான கூட்ட நடைமுறை என்று செயலாளருக்கு எழுத்தில் கொடுத்து, 14, 9, 8 என்ற மூன்று எண்களும் மினிட்ஸில் ஏறும்வரை விடாதீர்கள். அந்த வரியையே திருத்த வேண்டுமென்றால் அதற்கு எத்தனை பேர் தேவை என்பதை முதலில் பாருங்கள். பைலா திருத்தத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை பெரும்பாலும் போதாது. கூட்டத்துக்கு முன் தரைத்தளத்து வீடுகளின் கதவைத் தட்டிப் பேசிவிட்டு வாருங்கள்.

அன்புடன்.