கம்ப்யூட்டர்னா முன்னாடி மனுஷங்களா?

ஆமாங்க, நிஜம்தான். 1940கள் வரைக்கும் கம்ப்யூட்டர்னா கணக்கு போடுற ஆளு, டைப்பிஸ்ட் மாதிரி ஒரு வேலையோட பேரு. ரெண்டாம் உலகப்போர் டைம்ல அமெரிக்க ராணுவம் பீரங்கி குண்டு எங்க போய் விழும்னு அட்டவணை போட நிறைய பொண்ணுங்கள இந்தப் பேர்ல தான் வேலைக்கு எடுத்துச்சு, ஒரே ஒரு குண்டோட பாதைய கால்குலேட்டர் மிஷின்ல தட்டித் தட்டி கண்டுபிடிக்க மணிக்கணக்கா ஆகும். அப்புறம் எனியாக்னு ஒரு எலக்ட்ரானிக் மிஷின் வந்து அதையே 30 செகண்டுல முடிச்சுது, 1946ல ஊருக்கெல்லாம் காட்டுனாங்க. வேலை மிஷினுக்குப் போச்சு, பேரும் கூடவே போயிடுச்சு. கடுப்பு என்னன்னா அதுக்கு ப்ரோக்ராம் போட்டதே அந்த பொண்ணுங்கள்ல 6 பேர் தான். ஆனா ஒரேயடியா மாறல, 1953ல கூட கேத்தரின் ஜான்சன்ங்கிற கணித வல்லுநர் நாசாவோட முன்னோடி அமைப்புல கம்ப்யூட்டராத் தான் சேர்ந்தாங்க.