குழம்பில் கலந்து கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது, கொத்தனார். டி.பி. என்று அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் முடிந்தது. இருமல் நின்றுவிட்டதால் ‘இனி எதுக்கு மாத்திரை’ என்கிறார். குடித்தால் மறுநாள் போடுவதே இல்லை. அடுத்த வாரம் மேஸ்திரியோடு பெங்களூரு கிளம்புகிறார். மாமியார் அவருக்குத் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டார். சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்தால் ஹவுஸ் ஓனருக்குத் தெரிந்துவிடும் என்று கணவர் சண்டை போடுகிறார். மாத்திரையைப் பொடி செய்து, அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்துவிடலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம் சகோதரி. அதில் ரிஃபாம்பிசின் என்ற டி.பி. மருந்து இருக்கிறது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். தட்டில் மிச்சம் வைக்கிற குழம்போடு மருந்தும் போய்விடும்.

மருந்து இலவசம். சாதாரண டி.பி. 6 மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகிவிடும். அப்படியும் பாதியில் விடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்: குடி, ஊர் ஊராகப் போகிற கூலி வேலை, அரை வயிற்றுச் சாப்பாடு, வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம். இதில் ஏதாவது ஒன்று இருக்கும். உங்கள் வீட்டில் ஒன்றுக்கு மேலேயே இருக்கிறது. அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

குடியிலிருந்து ஆரம்பிப்போம். ராத்திரி குடித்தவர் காலையில் வெறும் வயிற்றில் மூன்று நான்கு மாத்திரையை ஒன்றாக விழுங்கினால் குமட்டும். அதோடு ‘குடிச்சா மாத்திரை போடக் கூடாது’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் அன்றைய மாத்திரை போச்சு. டி.பி. மாத்திரை, சாராயம் இரண்டுமே கல்லீரலைப் பதம் பார்க்கும் என்பது உண்மைதான். அதற்காக விட்டு விட்டுப் போட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். குடிப்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளட்டும். குமட்டினால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போடலாமா என்றும் கேளுங்கள். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தினமும் குடிப்பவர் என்றால் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள், கை நடுக்கம், வலிப்புவரை வரும். எங்கே சிகிச்சை கிடைக்கும் என்று 104-க்கு போன் செய்து கேளுங்கள்.

பெங்களூரு போகத்தான் வேண்டும் என்றால் போகட்டும். கூலி இல்லாமல் வீட்டில் உட்காரச் சொல்ல நமக்கு என்ன உரிமை? ஆனால் கிளம்பும் முன் டி.பி. பிரிவில் சொல்லிவிட்டுப் போகட்டும். அவருடைய நிக்‌ஷய் எண் (அரசின் டி.பி. பதிவேட்டில் அவருக்குக் கொடுத்த எண்) நாடு முழுவதும் செல்லும். சிகிச்சையை அங்கே மாற்றிக் கொடுப்பார்கள். இரண்டாம் மாதக் கடைசியில் எடுக்க வேண்டிய சளிப் பரிசோதனை முடிந்ததா? இல்லையென்றால் அதை முடிக்காமல் பஸ் ஏறக் கூடாது.

சாப்பாட்டுக்கு மாதம் 1,000 ரூபாய் மத்திய அரசு வங்கிக் கணக்கில் போடுகிறது. 2024 அக்டோபர் வரை 500-ஆக இருந்தது. வரவில்லை என்றால் பாஸ்புக்கோடு போய்க் கேளுங்கள், கூச்சமே வேண்டாம். ஜார்க்கண்டில் நோயாளிகளுக்கு மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் 2 மாதத்தில் 5 சதவீதம் எடை கூடியவர்களுக்கு இறக்கும் அபாயம் சுமார் 60 சதவீதம் குறைவு என்று 2023-இல் வெளியிட்டார்கள். முட்டை, பருப்பு, கடலை போதும். டப்பா பவுடர் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: டி.பி. காற்றில் பரவும், தட்டில் பரவாது. 1950-களில் சென்னையில் ஒரு பாதி நோயாளிகளை சானடோரியத்திலும் (டி.பி.க்கென்றே இருந்த தனி மருத்துவமனை), மறுபாதியை அவரவர் நெருக்கடியான வீட்டிலும் வைத்து ஒரே மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அவர்களோடு இருந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாக வரவில்லை. உலகமே சானடோரியத்தை மூடியது அதற்குப் பிறகுதான். தனித் தட்டு போட்டால் அவருக்கு அவமானம் மட்டும்தான் மிச்சம்.

ஓனர் விஷயம் சுலபம். பணியாளரை வீட்டுக்கு வர வேண்டாம், போனில் பேசினால் போதும் என்று சொல்லுங்கள். தினமும் மாத்திரை போடுவதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பிள்ளைகள் இருக்கிறார்களா என்று எழுதவில்லை. நீங்களும் மாமியாரும் இந்த வாரமே பரிசோதனைக்குப் போங்கள், பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு. நோய் இல்லை என்றால் வராமல் தடுக்கும் மாத்திரை கொடுப்பார்கள், அதுவும் இலவசம்தான்.