சென்னையிலிருந்து ஒரே நாளில் காஞ்சிபுரம்: எப்படிப் போவது, எதை விடக்கூடாது?

அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரே நாளில் காஞ்சிபுரம் போய்வர முடியுமா, எந்தக் கோயிலை விடக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போய்வரலாம். காலை எட்டு மணிக்குள் ஊருக்குள் இருந்துவிட வேண்டும், அவ்வளவுதான். பன்னிரண்டு, பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்திவிடுவார்கள். திரும்பத் திறக்க நான்கு மணி ஆகும். பத்து மணிக்கு மேல் போய் இறங்கினால் பாதி நாள் வெயிலில் வீணாகும்.

தூரம் சுமார் 75 கி.மீ. பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாகப் பேருந்துகள் ஓடிக்கொண்டே இருக்கும். தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்குப் படப்பை, வாலாஜாபாத் வழி வசதி. பெரியவர்கள் வருகிறார்கள் என்பதால் நான் ரயிலைத்தான் சொல்வேன். கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வழியாகத் திருமால்பூர் போகும் மின்சார ரயில் காஞ்சிபுரத்தில் நிற்கும். கழிவறைக் கவலையோ, வளைந்து நெளிந்து போகும் அலுப்போ இல்லையென்று சொல்ல மாட்டேன், மின்ரயிலில் கழிவறை கிடையாது. ஆனால் காலை நீட்டி உட்காரலாம், செங்கல்பட்டுக்கு முன்னால் கொளவாய் ஏரியைப் பார்த்துக்கொண்டே போகலாம். வண்டிகள் குறைவு. முந்தின நாளே நேரம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கியதும் ஆட்டோ பேசுவீர்கள். வழக்கமாகக் காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதர் என்று மூன்றையும் காட்டிவிட்டுப் பட்டுக்கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். "முதலில் கைலாசநாதர், அப்புறம் வைகுண்டப் பெருமாள்" என்று பேசும்போதே சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். காஞ்சிபுரம் போனேன் என்பவர்களில் பலர் இந்த இரண்டையும் பார்க்காமலே திரும்பியிருக்கிறார்கள் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

கைலாசநாதர் கோயில் ஊரின் மேற்குக் கோடியில், பிள்ளையார்பாளையம் தாண்டி இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. வானளாவிய ராஜகோபுரம் இல்லை, கூட்டமும் இல்லை. கிழக்குப் பார்த்த கோயில் என்பதால் காலை வெயில் நேராக முகப்பில் விழும். அடித்தளம் கருங்கல், மேலே எல்லாம் மணற்கல். அதனால் பல சிற்பங்கள் அரித்துப் போய், பிற்காலத்தில் சுதை பூசி மூடியிருக்கிறார்கள். சுற்றுமதிலை ஒட்டி வரிசையாக 58 சிறு சன்னதிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் தலையை நீட்டிப் பாருங்கள். சிலவற்றில் பல்லவர் கால ஓவியத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது: ஒரு முகத்தின் பாதி, ஒரு கண், காவி நிறத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு ஆயிரத்து முந்நூறு வயது என்று நினைக்கும்போது அங்கிருந்து நகரவே தோன்றாது.

கருவறையைச் சுற்றி வர மிகக் குறுகலான ஒரு வழி உண்டு. குனிந்து, ஓரிடத்தில் ஊர்ந்துதான் வர வேண்டும். வந்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. முழங்கால் வலி உள்ளவர்கள் வெளியே நின்று கும்பிட்டாலே போதும்.

முன்மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. பல்லவர்களின் பரம எதிரியான சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தபோது, இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்ளாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான் என்கிறது அது. படையெடுத்து வந்தவனையே அசைத்த கோயில். சோழர் காலத்தில் இதற்குப் பெயர் கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி. கற்றளி என்றால் கல்லால் கட்டிய கோயில்.

அங்கிருந்து ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வாருங்கள். திருமங்கையாழ்வார் பாடிய பரமேச்சுர விண்ணகரம் இதுதான். இருந்த, கிடந்த, நின்ற கோலங்களில் பெருமாள் மூன்று தளங்களில் ஒருவர் மேல் ஒருவராக இருக்கிறார். மேல்தளங்கள் எல்லா நாளும் திறந்திருக்காது. திறந்திருக்காவிட்டாலும் கவலை வேண்டாம், சிங்கத்தூண்கள் தாங்கும் திருச்சுற்று இருக்கிறதே, அதன் சுவர் முழுக்கப் பல்லவ வம்சத்தின் கதை. வாரிசு இல்லாமல் மன்னன் இறந்துபோக, காஞ்சியிலிருந்து ஆட்கள் போய் ஒரு சிறுவனை அழைத்துவந்து அரியணையில் ஏற்றுகிறார்கள். அவன்தான் இந்தக் கோயிலைக் கட்டிய இரண்டாம் நந்திவர்மன். தான் அரசனான கதையைத் தானே சுவரில் செதுக்கி வைத்திருக்கிறான். உடன்வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டே நடந்தால் அலுப்புத் தட்டாது.

நேரம் மிச்சமிருந்தால் நடை சாத்துவதற்குள் காமாட்சியம்மன். காஞ்சியின் பழைய சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சன்னதி கிடையாது, ஊருக்கே அம்மன் காமாட்சிதான் என்பார்கள். அம்மா கட்டாயம் கேட்பார்கள், விட்டுவிடாதீர்கள்.

மதியம் சாப்பாடு, கொஞ்சம் ஓய்வு. புடவை எடுக்கும் எண்ணம் இருந்தால் கடைக்கு முன்னால் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியைப் பாருங்கள். கோர்வைப் புடவைக்கு உடலும் கரையும் தனித்தனி நாடாவில், அதாவது குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டையில், ஓடும். ஒரு பக்கம் நெசவாளர், மறுபக்கக் கரைக்கு இன்னொருவர் கூடவே உட்கார்ந்து நாடா வாங்கிக் கொடுப்பார். அதைப் பார்த்தபிறகு விலையில் பேரம் பேச வாய் வராது. வாங்குவதானால் கூட்டுறவுச் சங்கக் கடைகளில் வாங்குவது என் வழக்கம்.

நான்கு மணிக்கு ஏகாம்பரநாதர். கிருஷ்ணதேவராயர் 1509-இல் எழுப்பிய ராஜகோபுரம், ஆயிரங்கால் மண்டபம், நீளமான பிராகாரம், தலவிருட்சமான மாமரம். பிறகு சின்ன காஞ்சிபுரம் போய் வரதராஜப் பெருமாள். அத்தி மரத்தால் ஆன பெருமாள் சிலையான அத்திவரதர் அங்கே குளத்துக்குள் இருக்கிறார். 2019-இல் வெளியே வந்தவர், நாற்பது ஆண்டுக்கு ஒருமுறைதான் என்பதால் அடுத்தது 2059. நூற்றுக்கால் மண்டபத்தின் மூலையில் தொங்கும் கல் சங்கிலியை அண்ணாந்து பாருங்கள். பிரசாதக் கடையில் குடலை இட்லி கிடைத்தால் வாங்கிவிடுங்கள். மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில், மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்த்து அவித்தது. சட்னியே தேவைப்படாது.

ஞாயிற்றுக்கிழமை சாலை வழியாகத் திரும்புவதென்றால் மாலை ஏழு மணிக்குள் கிளம்பப் பாருங்கள். அதற்கு மேல் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பூந்தமல்லி வரை வண்டிகள் நகராது.